வாய்க்கால் மேட்டில் நட்ட களைகள்

அன்று காலை தோட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுப் பெரியவர் நாச்சிமுத்து, அவர் மனைவி வஞ்சியம்மாள், மகன் குணசீலன், குணசீலனோடு சேர்ந்து கோவையில் பட்டறை நடத்தும் பொறியாளர் ரெஹானா, இருபத்தாறு வருடமாக அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆறுக்குட்டி. வெளி ஆள் ஒருவரும் இல்லை. வாசல் கதவு சாத்தியிருந்தது.

உடுமலைக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டி ஒன்றே கால் ஏக்கர். முன்பக்கம் தென்னை, நடுவில் காய்கறிப் பாத்திகள், பின்சுவரில் வாய்க்கால் மேட்டுக்குப் போக ஒரு சிறிய கதவு. நாச்சிமுத்து வேளாண்மைத் துறையில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்து, ஒரு விரல் அவரை நோக்கி நீளாமல் ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயதிலும் நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு சாயாது. தோட்டமும் அப்படித்தான் இருக்க வேண்டும் அவருக்கு. ஆனால் களை எடுக்க ஆள் கிடைப்பது நின்றுபோய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால்தான் மகன் இந்த இயந்திரத்தைச் செய்தான்.

முழங்கால் உயரம். நான்கு சக்கரம். முதுகில் ஆமை ஓடு போலச் சூரியத் தகடு. முன்னால் இரண்டு கைகள், ஒவ்வொன்றிலும் ரப்பர் உறை போட்ட மூன்று விரல்கள். நடுவில் கொக்கின் கழுத்தைப் போல் வளையும் ஒரு தண்டு, அதன் நுனியில் கேமரா.

இதற்குப் பார்த்தீனியம் தெரியுமா, கோரை தெரியுமா என்று நாச்சிமுத்து பரீட்சை வைத்தார். ரெஹானா பொறுமையாகப் பதில் சொன்னாள்.

"பேரெல்லாம் ஏத்திட்டோம் சார். அது சுலபம். ஆனா களைங்கறது செடியோட பேர் இல்ல, எடுக்கறவங்க முடிவு. பாத்தியில முளைச்சா கீரை, வரப்புல முளைச்சா களை. அந்த முடிவத்தான் கத்துக் குடுக்கணும். அத மனுசக் கையைப் பார்த்துத்தான் கத்துக்கும்."

கை பார்க்கப் படம் வேண்டுமே என்றால், படம் இந்த வீட்டிலேயே இருந்தது. பல வருடத்துக்கு முன்பு தேங்காய்த் திருட்டுக்காக நாச்சிமுத்து மோட்டார் அறைச் சுவரில் ஒரு கேமரா வைத்திருந்தார். பதிவானது எதையும் வீசும் பழக்கம் அவருக்கு இல்லை. வருடவாரியாகச் சீட்டு ஒட்டிப் பீரோவில் அடுக்கியிருந்தார். முதலில் எல்லா வருடத்துப் படங்களையும் கலந்து கொடுத்தார்களாம். ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் பிடுங்கியிருந்ததால் இயந்திரம் ஒரு குப்பைமேனிச் செடி முன்னால் அரை நாள் நின்றுவிட்டதாம். அதனால் இரண்டாம் முறை ஒரே ஒருவருடைய கையை மட்டும் வைத்துப் பயிற்சி கொடுத்ததாகச் சொன்னாள்.

யாருடைய கை என்று நாச்சிமுத்து கேட்கவில்லை. தன் கையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

குணசீலன் போனில் எதையோ அழுத்தினான். இயந்திரம் தக்காளிப் பாத்தியின் இரண்டாம் வரிசைக்குப் போய் நின்றது. கழுத்தைத் தாழ்த்திப் பார்த்தது. இடது கையை நீட்டி ஒரு கோரையின் அடியைப் பிடித்தது. பிடுங்கும் முன் லேசாக ஒரு முறை ஆட்டிப் பார்த்தது. வேரோடு வந்த செடியைச் சக்கரத்தின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதிர்த்தது. பிறகு அதைக் கூடையில் போடாமல் வலது கையின் மடிப்பில் வைத்துக்கொண்டது. அடுத்தது ஒரு தும்பை. அதற்கும் அதே இரண்டு தட்டு. கை நிறைந்ததும், கீரைக்கட்டுப் போலத் தலையெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கிப் பிடித்துக்கொண்டு, உரக்குழியைத் தாண்டி, பின்கதவு வழியாக வாய்க்கால் மேட்டுக்குப் போனது. எல்லோரும் பின்னால் போனார்கள். அங்கே அது ஈர மண்ணில் விரலால் குழி குத்தி, பிடுங்கி வந்த களைகளை ஒவ்வொன்றாக நட்டது. மண்ணை அணைத்து அமுக்கியது. வாய்க்காலில் கையை விட்டு ஒரு அள்ளு தண்ணீர் தெளித்தது. நட்டு முடித்ததும் திரும்பி வந்து மூன்றாம் வரிசையில் நின்றது.

ஆறுக்குட்டி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, இது நம்ம பாப்பா..." என்றவன் அதற்கு மேல் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒன்பது வருடமாக யாரும் தொடங்காத பேச்சு அது.

நாச்சிமுத்துவுக்கு மூத்தது ஒரு பெண். அமிர்தவல்லி என்று அவருடைய தாயின் பெயரை வைத்தார்கள். இடது கைப் பழக்கம் உள்ளவள். சோற்றுக்கும் எழுத்துக்கும் அதை அவர் அடித்துத் திருத்தினார். தோட்டத்தில் மட்டும் யாரும் கவனிக்கவில்லை. படித்து முடித்து வரன் பார்த்துக்கொண்டிருந்த நான்கு வருடமும் தோட்டம் அவள் கையில்தான் இருந்தது. களையைப் பிடுங்கி வாய்க்கால் மேட்டில் நட்டுவிட்டு வருவாள். அவர் கேலி செய்தால், அதுவும் எங்காவது இருக்க வேண்டும் அல்லவா அப்பா என்பாள். குணசீலன் அந்த நாலு வருடமும் சென்னை விடுதியில் படித்துக்கொண்டிருந்தான். அவன் அக்கா களை எடுத்து அவன் பார்த்ததே இல்லை.

பிறகு அவள் தானாக ஒருவனைத் தேடிக்கொண்டு திருப்பூர் போனாள். அவன் வேறு சாதி. அவள் போன மூன்றாம் நாள் குடும்பம் கிணற்றடியில் வரிசையாக நின்று தலை முழுகியது. படங்களை எரித்தார்கள். அழைப்பிதழ்களில், குடும்ப அட்டையில், பேச்சில், எங்குமே அவள் இல்லாமல் ஆனாள். கோயிலில் பங்காளிகள் கூடியபோது தனக்கு ஒரே பிள்ளை என்று நாச்சிமுத்து தெளிவாகச் சொன்னார். செய்வதைத் திருந்தச் செய்பவர் அவர். ஆனால் அந்தக் கேமரா அவர் கணக்கில் தேங்காய்க்கானது. அதில் தென்னையும் பாத்தியும்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். தாழ வைத்த கேமரா. முகம் ஒரு நாளும் விழவில்லை. முதுகும் பின்னலும் இடது கையும் நான்கு வருடத்துக்கு விழுந்திருந்தன.

அவர் ரெஹானாவைத் தனியாக அழைத்து, யாருடைய கை என்று இப்போது கேட்டார்.

"யாரோ ஒரு அக்கா சார். இங்க வேலைக்கு வந்தவங்கன்னு நினைச்சேன். அவ்வளவு நிதானமான கை வேற கிடைக்கல."

அந்தக் கையை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

"அப்படி எடுக்க முடியாது சார். அது ஒரு மூலையில தனியா இல்ல. இது பார்க்கறது, தயங்கறது, விட்டுட்டுப் போறது எல்லாமே அந்தக் கைதான். அழிச்சா மொத்தமா அழியும். அப்புறம் வேற கை குடுக்கணும்."

"என் கையைக் குடு."

அவள் ஒப்புக்கொண்டாள். இயந்திரத்தை வைக்கப்போகும் கோவைக் கண்காட்சிக்கு இன்னும் நாள் இருந்தது. பேட்டரி எப்படித் தாங்குகிறது என்று ஒரு வாரம் பார்க்க வேண்டும், அதுவரை ஓடட்டும், புதன்கிழமை வந்து அழித்துத் தருகிறேன் என்றாள். தான் தலை முழுகிய மகள் கண்காட்சியில் நாலு பேர் நடுவே நடமாடுவதை நாச்சிமுத்து நினைத்துப் பார்த்தார். புதன்கிழமை தாண்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வியாழக்கிழமை அவர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தார். வெயில் ஏறும்போது இயந்திரம் வேலையை நிறுத்தியது. கழுத்து நிமிர்ந்து சமையலறைப் பக்கம் திரும்பியது. அப்படியே இருந்தது. பிறகு குனிந்து அடுத்த செடிக்குப் போனது. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் அவ்வளவு நேரமும் நின்றிருந்ததை அவர் பிற்பாடுதான் உணர்ந்தார்.

வெள்ளிக்கிழமையும் அதே நேரம், அதே பார்வை. மகனை விட்டு ரெஹானாவிடம் கேட்கச் சொன்னார். அந்த அக்கா தினமும் அந்த நேரத்தில் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்திருக்கிறார், இயந்திரம் அதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிட்டது, தேவையில்லாத பழக்கம், பிழை என்றே வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அந்த நாளில் பத்தரை மணிக்கு வஞ்சியம்மாள் சமையலறை ஜன்னலில் மகளுக்கு மோர் நீட்டுவது வழக்கம். அது ரெஹானாவுக்குத் தெரிய வழியில்லை.

சனிக்கிழமை காலை துவைக்கிற கல்லின் மேல் ஒரு பிடி கீழாநெல்லி கிடந்தது. வேர் கழுவி, தலை ஒரே பக்கமாக அடுக்கி. மகள் வீட்டை விட்டுப் போவதற்கு முந்தைய வருடம் நாச்சிமுத்துவுக்கு மஞ்சள் காமாலை. இரண்டு மாதம் தினமும் கீழாநெல்லி பறித்து அந்தக் கல்லில் வைத்துவிட்டுத்தான் அவள் மற்ற வேலைக்குப் போவாள். அவர் அதைத் தொடாமல் வந்தார். சாயங்காலத்துக்குள் அது வாடிக் கருகியது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒரு பிடி இருந்தது.

இதற்குள் ஊரில் பேச்சுப் பரவிவிட்டது. ஆறுக்குட்டி வாயை மூடிக்கொண்டான் என்றாலும் வாய்க்கால் மேட்டில் குப்பைமேனியும் தும்பையும் அருகம்புல்லும் நாற்று நட்டதைப் போல வரிசையில் நிற்பதைப் போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னும் அதைப் பார்த்தவர்கள்தாம் அவர்கள். பங்காளி வீட்டிலிருந்து போன் வந்தது. செத்துப்போனவள் தோட்டத்தில் நடக்கிறாளாமே என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். அது ஒரு இயந்திரம், புதன்கிழமை அழித்துவிடுவோம் என்று நாச்சிமுத்து குரலை உயர்த்தாமல் சொல்லி வைத்தார்.

திங்கட்கிழமை அவர் நாற்காலியைத் தோட்டத்துக்கே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். மேற்பார்வைக்கு என்று ஆறுக்குட்டியிடம் சொன்னார். இயந்திரம் அவர் வரிசைக்கு வந்து, அவர் காலடியில் இருந்த ஒரு கோரைக்கு முன்னால் நின்றது. கால் நகரும் வரை காத்திருந்தது. அவர் காலைத் தூக்கிக்கொண்டார். மூன்று விரல்கள் செருப்பின் ஓரமாகப் புகுந்து அந்தக் கோரையை ஆட்டிப் பார்த்து எடுத்தன. இரண்டு தட்டு. பிறகு அது போய்விட்டது.

அன்று அவர் துவைக்கிற கல்லில் இருந்த கீழாநெல்லியைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு உள்ளே போய், அரைத்து மோரில் கலக்கித் தரச் சொன்னார். உடம்புக்கு என்ன என்று வஞ்சியம்மாள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மிக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அவர் இயந்திரத்தோடு பேசுவதை ஆறுக்குட்டி கேட்டான். வெயில் ஏறுது, போதும் என்றார். அந்த மூலையில் முள் இருக்கிறது, பார்த்து என்றார். இயந்திரத்துக்குக் காது வைக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறை அது வாய்க்கால் மேட்டுக்குப் போகும்போதும் எழுந்து பின்கதவு வரை போய் நின்றார். அது திரும்பி உள்ளே வந்த பிறகுதான் நாற்காலிக்கு வந்தார். அன்று மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்து, மகனிடம் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். கண்காட்சிக்கு வேறு ஒன்று செய்துகொள்ளட்டும், இது இங்கேயே இருக்கட்டும், அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிடு என்று.

குணசீலன் தாயைப் பார்த்தான். வஞ்சியம்மாள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை ரெஹானா வந்து நின்றாள். வரவேண்டாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நாச்சிமுத்து மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் தலை குனிந்தான்.

"நாந்தான் வரச் சொன்னனுங்க" என்றாள் வஞ்சியம்மாள். சமையலறைக் கதவிலிருந்து இறங்கி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பாத்தி வரை வந்தாள். "வா கண்ணு. அழிக்கறதுன்னு சொன்னயே, அதச் செஞ்சுரு."

ரெஹானாவுக்குக் குழப்பம். "அம்மா, இந்தக் கையைத் தேர்ந்தெடுத்ததே நீங்கதானே" என்றாள்.

நாச்சிமுத்து அப்போதுதான் அதை அறிந்தார்.

"ஆமா. பதினாலு பேரு கைய இந்தப் புள்ள படத்துல காட்டுச்சு. உங்க கையும் இருந்துச்சு. நாந்தான் இதக் காட்டுனேன். குணாவுக்குத் தெரியாது, அவனத் திட்டாதீங்க."

எதற்கு இப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

"பாக்கோணும்னு இருந்துச்சுங்க. போறப்பப் பாக்கல. காச்சல்ல போயிட்டாள்னு ஆள் வந்து சொன்னப்பவும் பாக்கல. பொறந்த வீட்டுக் கோடித் துணி போட்டாத்தான் அவள எடுக்கறதுன்னு கட்டுன பையன் சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் வெச்சிருந்தானாமா. நீங்க கதவத் தொறக்கல. நானும் தொறக்கல. கடைசியில பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி போட்டாளாமா."

ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த நாளை யாரும் அந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆறுக்குட்டி பின்சுவர்ப் பக்கம் நகர்ந்துகொண்டான். நாச்சிமுத்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பழசை ஏன் கிளறுகிறாய், நான்தான் இது இருக்கட்டும் என்று இறங்கி வந்துவிட்டேனே, யார் என்ன பேசினாலும் பேசட்டுமே என்றார். அவர் குரல் அவருக்கே பழக்கமில்லாத ஒன்றாக இருந்தது.

"இருக்கட்டும்ங்கறீங்க" என்றாள் வஞ்சியம்மாள். "ஏனுங்க இருக்காது? இது எதுத்துப் பேசாது. யாரையும் கட்டிக்காது. வாய்க்கா மேடு வரைக்கும் போயிட்டு வேலை முடிஞ்சதும் திரும்பி வந்துரும். நேத்தெல்லாம் பாத்துட்டுத்தான் இருந்தேன், அது திரும்பி வார வரைக்கும் கதவுகிட்டயே நின்னீங்க. இப்புடி ஒருத்தின்னா நீங்க வெச்சுக்குவீங்க. நான் பெத்தவ இப்புடி இல்லீங்க. அவ போனா."

குணசீலன் போனை எடுத்தான். திரையில் ஒரு சிவப்பு வட்டம். பத்து விநாடி விரலை எடுக்காமல் அழுத்த வேண்டும், இடையில் எடுத்தால் நின்றுவிடும், முடிந்தால் திரும்ப வராது என்று ரெஹானா மெல்லச் சொன்னாள். மூலப் படங்கள் இருக்கின்றனவே என்று அவள் ஆறுதலாகத் தொடங்கியபோது, வஞ்சியம்மாள் அதற்கும் பதில் வைத்திருந்தாள். அந்த நான்கு வருடத்துப் பதிவுகளையும் நேற்று திருப்பூருக்கு அனுப்பியாயிற்று. அந்தப் பையன் வைத்துக்கொள்ளட்டும், அவன்தான் அவளுக்கு ஆள் என்றாள்.

அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"வஞ்சி" என்றார் நாச்சிமுத்து. "அமிர்தா இருக்கட்டும்."

ஒன்பது வருடத்தில் அந்தப் பெயரை அவர் சொன்னது அந்த ஒரு முறைதான். அது பெண்ணைப் பார்த்துச் சொன்னதும் அல்ல, பெண்ணுக்காகச் சொன்னதும் அல்ல என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. சொன்னவர் அந்தப் பெயர் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று சந்தேகப்படுகிறவரைப் போல நின்றார்.

இயந்திரம் அப்போது வாய்க்கால் மேட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தது. விரல்களில் ஈர மண். பின்கதவைத் தாண்டி, தக்காளி வரிசைக்கு நடுவே வந்துகொண்டிருந்தபோது வஞ்சியம்மாள் விரலை வைத்தாள். ரெஹானா வாய்க்குள் எண்ணினாள். வஞ்சியம்மாள் திரையைப் பார்க்கவில்லை, வருகிறதைத்தான் பார்த்தாள். ஏழில் அதன் வேகம் குறைந்தது. ஒன்பதில் நின்றது. பத்தில் கழுத்து தானாகத் தாழ்ந்து தரையைப் பார்த்தது. சத்தம் எதுவும் வரவில்லை.

அவள் போனை மகன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நாச்சிமுத்து வெகுநேரம் அங்கேயே இருந்தார். ரெஹானா இயந்திரத்தை மறுபடி இயக்கியபோது அது ஒரு குப்பைமேனிக்கு முன்னால் நின்று, எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் விரலை விரித்து விரித்து மூடியது. இனி யாருடைய கை என்று அவள் கேட்டாள். முன்பு தன் கையைக் கொடுக்கச் சொன்னவர், இப்போது தன் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆறுக்குட்டியைக் காட்டினார். அன்றிலிருந்து அது ஆறுக்குட்டியைப் போல வலது கையால் பிடுங்கி உரக்குழியில் வீசுகிறது. தோட்டம் சுத்தமாக இருக்கிறது.

நாச்சிமுத்து குடும்ப மானத்துக்காகப் பெற்ற மகளை இரண்டாம் முறையும் தலை முழுகினார் என்று பங்காளிகள் நடுவே ஒரு பேச்சு உண்டு. அந்த வருடம் கோயில் விழாவில் அதைச் சொல்லியே அவருக்கு மாலை போட்டார்கள். அவரும் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டார். அந்தப் பேச்சு உண்மை அல்ல. அவர் வைத்துக்கொள்ளத்தான் சொன்னார். அழித்தவள் வஞ்சியம்மாள்.